கோத்தகிரி மலையில் ரேடியோ மோடத்தோடு பட்ட பாடு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 4 தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. எவ்வளவு மழை பெய்தது என்ற கணக்கு கால் மணிக்கு ஒருமுறை எஸ்டேட் அலுவலகக் கணினிக்கு வந்து சேர வேண்டும். இதுதான் வேலை. முன்பு எடுத்தவர் பாதியில் விட்டுப் போனதால் மீதியை முடித்துத் தரும்படி என்னிடம் வந்தது. கருவி எல்லாம் இருக்கிறது, கம்பம் நட்டாயிற்று, தரவை ரேடியோ அலையில் அனுப்பும் மோடத்தை மட்டும் கான்ஃபிகர் செய்தால் போதும், ஒரு வார வேலைதான் என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே போனது. கைக்காசும் லட்ச ரூபாய்க்கு மேல் போனது. போன் போட்டுக் கேட்க விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அப்படி யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து இந்த வேலைக்குப் போகிறவர் கையில் இது இருக்கட்டும் என்று விலாவாரியாகவே எழுதுகிறேன்.

சிம் கார்டு போட்ட மோடம் போதாதா, எதற்கு ரேடியோ என்று பலர் கேட்டார்கள். சமவெளியில் போதும். இங்கே நான்கில் இரண்டு நிலையங்கள் பள்ளத்தாக்குக்குள் இருக்கின்றன. செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும் ஒரு கோடு தெரியாது. மற்ற இரண்டிலும் வெயில் காலத்தில் சிக்னல் இருக்கும். ஆனால் அடைமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், டவரின் பேட்டரி இருக்கும் வரைதான் அதுவும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் இந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லயன் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மேட்டில் எவ்வளவு கொட்டுகிறது என்று கீழே இருப்பவர்களுக்கு ராத்திரியிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். மழை இல்லாத நாளில் ஒழுங்காக வேலை செய்து, மழை நாளில் நின்றுபோகும் கருவியால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

முதல் அடி மோடத்திலேயே விழுந்தது. முன்னவர் விட்டுப்போன மோடங்களில் இரண்டு செத்துக் கிடந்தன. அதே கம்பெனியின் அதே மாடல் என்று சொல்லி வெளியூர் டீலர் ஒருவர் ஒரு ஜோடி அனுப்பினார். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தேன், 70 ஆயிரத்துக்கு மேல். பெட்டியைப் பிரித்து அடிப்பக்க லேபிளைப் பார்த்தால் 902 – 928 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அது அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை. இந்தியாவில் நமக்கு லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது 865 – 868. 2005-இல் 867 வரை திறந்துவிட்டார்கள், 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். மோடத்தின் சக்தி 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து வெளியே போகும் சக்தி 4 வாட் என்பது வரம்பு. இதை வெறும் காகித விதி என்று நினைத்துவிடக் கூடாது. 890 முதல் 915 வரை நம் ஊரில் செல்போன்கள் டவரோடு பேசும் இடம். அமெரிக்க மோடத்தை மலை உச்சியில் வைத்து 1 வாட்டில் விட்டால் பக்கத்து டவரின் காதை அடைத்ததாகிவிடும். மழை ராத்திரியில் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிறவனின் குறுக்கே நாம் நின்றுகொண்டிருப்போம். மென்பொருளில் அலைவரிசையை மாற்றிவிடலாம் என்று டீலர் சொன்னார். அந்த மாடல் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வருவது, மாற்ற முடியாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார், பணம் போனது போனதுதான். ஆகவே பணம் கட்டும் முன் லேபிளின் போட்டோவைக் கேளுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு அந்த மாடலுக்குக் கொடுத்த வகை ஒப்புதல் சான்றின் நகலையும் கேளுங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் கடைசியில் வரும் ஓரிரு எழுத்தில்தான் எந்த நாட்டுக்கு உரியது என்பது ஒளிந்திருக்கும்.

சரியான மோடங்கள் வந்த பிறகு வீட்டு மேஜையில் இரண்டையும் வைத்துப் பேசவிட்டேன், பேசின. இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்டெனா மாட்டாமல் மோடத்துக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரை எரித்துவிடலாம். ஆன்டெனா மாட்டியிருந்தாலும், இரண்டு மோடங்களை ஒரே மேஜையில் 1 வாட்டில் கத்தவிட்டால் வாங்கும் பக்கம் திணறிப்போய், நல்ல மோடமே கெட்டது போல் காட்டும். சக்தியை அதில் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிட்டு மேஜைச் சோதனையைச் செய்யுங்கள்.

மேஜையில் பேசியது மலையில் பேசவில்லை. ஆற்றோர பம்ப் ஹவுஸ் நிலையம் அலுவலகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். அங்கிருந்து வரும் சிக்னல் மைனஸ் 70 டி.பி.எம். பக்கம் இருந்திருக்க வேண்டும் (சிக்னல் பலத்தின் அளவு இது, பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது), மைனஸ் 98 காட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரே திசையைப் பார்க்கும் யாகி ஆன்டெனாவின் குறுக்குக் குச்சிகள் தரைக்கு இணையாக, படுக்கை வாட்டில் இருந்தன. பொருத்தியவர் குன்னூரில் ஒரு காலத்தில் தூர்தர்ஷன் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்த அண்ணன். டி.வி. ஆன்டெனா அப்படித்தான் இருக்கும், அவரும் கைப்பழக்கத்தில் அப்படியே மாட்டியிருக்கிறார். ஆனால் அலுவலகக் கூரையில் இருப்பது சுற்றிலும் எல்லாத் திசைக்கும் பேசும், நெட்டுக்குத்தான ஓம்னி ஆன்டெனா. ஒன்று நிற்க, ஒன்று படுத்திருந்தால் 20 டெசிபல் அளவுக்குக் காணாமல் போகும், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். யாகியைத் தளர்த்தி, குச்சிகள் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி முடுக்கியதும் எண் சரசரவென்று ஏறியது. அதற்குள் அந்த மோடத்தைப் பழுது பார்க்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, ‘கோளாறு இல்லை’ என்று திரும்பி வந்த வகையில் ஒரு தொகை செலவாகியிருந்தது.

சோலை ஓர நிலையத்தில் இதைவிட மோசம். ஆன்டெனா சரி, திசை சரி, ஆனால் சிக்னலே இல்லை. பெட்டிக்குள் மோடத்தையும் பெரிய கேபிளையும் இணைக்கும் ஒரு சாண் நீளத் துண்டு கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் முனையில் நடுவில் இருக்க வேண்டிய ஊசி இல்லை, ஓட்டை இருந்தது. மோடத்தின் பக்கமும் ஓட்டைதான். இந்தச் சின்ன எஸ்.எம்.ஏ. கனெக்டரில் இரண்டு ஜாதி உண்டு. சாதாரண எஸ்.எம்.ஏ. ஒன்று, வைஃபை கருவிகளில் வரும் தலைகீழ் ஜாதி இன்னொன்று. மரை ஒன்றுதான், அழகாகத் திருகி இறுகும், வெளியிலிருந்து எந்தக் குறையும் தெரியாது. உள்ளே ஓட்டையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். 200 ரூபாய்த் துண்டு கேபிளுக்காக நான் அந்த ஏற்றத்தை ஏறி இறங்கிய களைப்பில், அன்று ராத்திரி இந்த வேலையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வாங்கும்போதே ஒன்றோடொன்று இணையப்போகும் இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்து, ஒன்றில் ஊசி, ஒன்றில் ஓட்டை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய கேபிளிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்குச் சுமார் அரை டெசிபல் தின்னும். 20 மீட்டர் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு சக்தி கேபிளிலேயே காலி. எல்.எம்.ஆர்.400 போன்ற தடித்த கேபிளில் அதே 20 மீட்டருக்கு 3 டெசிபலுக்கும் குறைவாகத்தான் போகும். விலை அதிகம்தான், ஆனால் அதைவிட உயரக் கம்பம் நடும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதா இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

எதிர்மலை டிவிஷன் நிலையம் 8 கிலோமீட்டர். கண்ணுக்கு நேரே தெரிகிறது, அப்புறம் என்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரேடியோ அலை நூல் பிடித்தது போல் போவதில்லை. நடுவழியில் அதற்கு ஒரு அகலம் வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸில் 8 கிலோமீட்டருக்கு நடுப்புள்ளியில் அந்த அகலத்தின் ஆரம் 26 மீட்டர். அதில் அறுபது சதவீதம், கிட்டத்தட்ட 16 மீட்டராவது தடையில்லாமல் இருந்தால்தான் கணக்குப்படி சிக்னல் வரும். எங்கள் பாதையின் நடுவில் கற்பூர மரங்களும் சில்வர் ஓக்குகளும் உள்ள ஒரு முகடு. கண்ணுக்கு மரத்துக்கு மேலே வானம் தெரிகிறது, அலைக்கு மரம் வயிற்றில் இடிக்கிறது. ஏப்ரலில் மைனஸ் 80 பக்கம் இருந்த அளவு, அக்டோபரில் மழை பிடித்ததும் மைனஸ் 95-க்கு இறங்கியது. மழைத்துளிதான் சிக்னலைக் குடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். இந்த அலைவரிசையில் மழைத்துளியால் ஆகும் இழப்பு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை, அது டிஷ் டி.வி.யின் பிரச்சினை. இங்கே குடிப்பது நனைந்த இலை, தண்ணீர் ஏறிய கனெக்டர், இறங்கிப்போன பேட்டரி. கோடையில் எடுத்த அளவை நம்பி நிலையத்தை ஒப்படைக்காதீர்கள். மோடம் பிடிக்கக்கூடிய கடைசி எல்லைக்கு மேல் 20 டெசிபலாவது கையிருப்பு வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் பார்த்தேன். மலைமுகட்டில் வைத்த, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டருக்கு முன்னவர் பெரிய ஓம்னி ஆன்டெனா போட்டிருந்தார். பெரிய ஓம்னி தன் பலத்தைத் தட்டையாகப் பரப்பித்தான் சம்பாதிக்கிறது. தொடுவானம் பக்கம் நன்றாகப் போகும், காலடியில் ஒன்றும் விழாது. 1.5 கிலோமீட்டர் தள்ளி 400 மீட்டர் கீழே இருக்கும் நிலையம் அதற்கு 15 டிகிரி சரிவில் இருக்கிறது, அலை அதன் தலைக்கு மேலே போய்விடுகிறது. சின்ன, விலை குறைந்த ஓம்னி போட்டதும் வந்தது. சமவெளி ஆட்களிடம் கேட்டால் ‘பெரிய ஆன்டெனா போடு’ என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவும் சரியாகி, எல்லா நிலையமும் நல்ல சிக்னல் காட்டிய பிறகுதான் என்னைத் தூங்கவிடாத கட்டம் வந்தது. மழைமானியின் கணக்கைப் பதிந்து வைக்கும் டேட்டா லாகர்கள், மோட்பஸ் என்ற கருவிகளுக்கான மொழியில் பேசுபவை. கணினி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ‘இத்தனை எண் கொடு’ என்று கேட்கும். ஒன்று இரண்டு எண் கேட்டால் பளிச்சென்று வருகிறது. 60 எண்ணை ஒரேயடியாகக் கேட்டால் பிழை, பிழை, பிழை. கேபிள் போட்டு நேராக இணைத்தால் 60-உம் வருகிறது. அப்படியானால் ரேடியோதான் கெட்டது என்று எஸ்டேட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நடப்பது வேறு. மோட்பஸில் ஒரு செய்தி முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் மௌனம். மூன்றரை எழுத்து அனுப்பும் நேரத்துக்கு எதுவும் வரவில்லை என்றால் செய்தி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்) வேகத்தில் அது வெறும் 4 மில்லி செகண்டு. 60 எண்ணுக்கான பதில் 125 பைட். மோடமோ அதைத் தன் வசதிக்கு 64 பைட் துண்டுகளாக வெட்டி வானத்தில் அனுப்புகிறது. முதல் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே 4 மில்லி செகண்டுக்கு மேல் இடைவெளி விழுகிறது. கணினி முதல் துண்டையே முழுச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று தூக்கிப் போடுகிறது. நடுவில் ரிப்பீட்டர் இருந்தால் இடைவெளி இன்னும் பெரிது.

மோடத்தின் அமைப்பில் இதற்குத் தீர்வு இருக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி பெயர்தான் வேறு. துண்டின் அளவைச் செய்தியைவிடப் பெரிதாக வைக்கும் இடம் ஒன்று இருக்கும். முழுச் செய்தியும் சேர்ந்த பிறகே சீரியல் போர்ட்டில் வெளியே விடு என்று சொல்லும் இடம் இன்னொன்று. இரண்டையும் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தடவைக்கு 20 எண்ணுக்கு மேல் கேட்காதீர்கள். கணினியில் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். கேபிளுக்கென்று வைத்த அரை செகண்டு, ரிப்பீட்டர் வழியாக வரும் பதிலுக்குப் போதாது. நான் 3 செகண்டு வைத்தேன். குறைவாக வைத்தால் முதல் கேள்விக்கான பதில் தாமதமாக வந்து இரண்டாம் கேள்வியின் மேல் இடிக்கும், அதிலிருந்து எல்லாமே குழம்பும். வான்வழி வேகத்தையும் அதிகமாக வைக்க ஆசைப்பட வேண்டாம். கால் மணிக்குச் சில நூறு பைட் போக வேண்டிய வேலைக்கு வேகம் எதற்கு? வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 3 டெசிபல் கையிருப்பு கூடுகிறது, அது மழைக்காலத்தில் உதவும்.

லாகர் புரோகிராமுக்குள் இருந்த இன்னொன்றைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. மழைமானிக்குள் இருக்கும் சின்ன வாளி நிரம்பி ஒருமுறை சாய்ந்தால் 0.2 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. கணினி கேட்டதும் லாகர் அந்தக் கால் மணியின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, உடனே பூஜ்யமாக்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். பதில் வழியில் தொலைந்தால் அந்தக் கால் மணி மழையே தொலைந்தது. லாகரைப் பொறுத்தவரை சொல்லியாயிற்று, கணினியைப் பொறுத்தவரை மழையே பெய்யவில்லை. பதில் எப்போது தொலையும்? அடித்துப் பெய்யும்போதுதான். 2019 ஆகஸ்ட்டில் இதே நீலகிரியில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில் அலுவலகத் திரையில் பூஜ்யம் தெரிந்தால் லயன் வீட்டு ஆட்களை யார் எழுப்பப் போகிறார்கள்? எண்ணிக்கையைப் பூஜ்யமாக்காமல் கூட்டிக்கொண்டே போகும்படி மாற்றினேன். கணினி போன எண்ணை இந்த எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளும். நடுவில் நாலு பதில் தொலைந்தாலும் ஐந்தாவது வரும்போது மொத்த மழையும் வந்துவிடும். கூடவே லாகரின் நினைவகத்தில் சில மாதத் தரவு தங்கட்டும், ரேடியோ அதை எடுத்து வரும் வண்டி மட்டும்தான். பதிலே வராத நிலையத்தைத் திரையில் பூஜ்யமாகக் காட்டாமல் ‘தொடர்பு இல்லை’ என்று சிவப்பில் காட்டச் செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லாகர் கிரீன்விச் நேரத்திலும் மற்றவை நம் நேரத்திலும் ஓடின. ஐந்தரை மணி நேரம் தள்ளி மழை பெய்தது போலத் தெரிந்தது. நம் நாட்டில் மழைக்கணக்கு நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. நள்ளிரவை வைத்துக் கூட்டினால் வானிலைத் துறையின் எண்ணோடு என்றைக்கும் ஒத்துப்போகாது.

அப்புறம் பேட்டரி. நவம்பரில் ஒருநாள் காலை சூப்பர்வைசர் போன் செய்தார். “சார், பெட்டியில லைட்டு விட்டு விட்டு எரியுது, அப்புறம் எல்லாமே அணைஞ்சு திரும்ப எரியுது.” போய் மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட், நன்றாகத்தான் இருக்கிறது. மோடம் அனுப்பும் அந்தக் கணத்தில் மட்டும் பொத்தென்று விழுகிறது. மெல்லிய ஒயர், துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டர், வயதான பேட்டரி, மூன்றும் சேர்ந்த வேலை. சும்மா இருக்கும்போது அளந்த வோல்டேஜை நம்பாதீர்கள், மோடம் அனுப்பும்போது அளக்க வேண்டும். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே மோடம் 100 மில்லிஆம்பியர் எடுக்கும் என்றால் நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. பெட்டியில் இருந்தது 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக வெயில் இல்லாமல் ஒன்றரை நாள்தான். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையில் சூரியனைப் பார்க்காமல் அதைவிட அதிக நாள் போகும். பேட்டரியை 26 ஆம்பியர்-மணியாக மாற்றினேன். லாகரே கால் மணிக்கு 5 நிமிடம் மட்டும் மோடத்தை எழுப்பும்படியும் செய்தேன், மோடத்தின் கரண்ட் செலவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ரிப்பீட்டரை மட்டும் தூங்கவிட முடியாது, அதற்குப் பெரிய பேனலும் பெரிய பேட்டரியும் தனியாக வேண்டும். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள், பின்னால் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கொடுக்கவில்லை, என் பணம்தான் போனது.

இப்போது மூன்று நிலையங்கள் மழையிலும் பேசுகின்றன. எதிர்மலை நிலையம் மட்டும் அக்டோபர், நவம்பரில் தடுமாறுகிறது. கம்பத்தை உயர்த்துவதைவிட முகட்டின் மறுபக்கம் இன்னொரு ரிப்பீட்டர் வைப்பதுதான் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காட்டெருமைகள் வந்து கம்பத்தில் உரசும் இடம் அது, வேலிச் செலவையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். அதற்குள் ஒவ்வொரு பெட்டிக் கதவின் உட்புறமும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் ஒட்டிவிட்டேன். மோடத்தின் நெட்வொர்க் எண், அந்த நிலையத்தின் முகவரி, பாட் வேகம், ஆன்டெனா பார்க்கும் திசை, நல்ல நாளிலும் மழை நாளிலும் சிக்னல் எவ்வளவு, அனுப்பும்போது வோல்டேஜ் எவ்வளவு, கடைசியாகத் தொட்ட தேதி எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு இந்த வேலை கைக்கு வந்தபோது அந்தப் பெட்டிகளில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.